பல்லுக்குள்ளே ஒரு மார்க்கண்டேயன்!

திருக்கடையூர் என்று சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அறுபதாம் கல்யாணம்.

மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்குப் போகும் வழியில், காவிரிப் பாசன வயல்களுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். இங்கே அமிர்தகடேசுவரர் கோவில் இருக்கிறது. அபிராமி அம்மன் சந்நிதி இருக்கிறது. அறுபது வயது நிறைந்தவர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து மறுபடியும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று வருகிறவர்களும் உண்டு.

அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை வாய் நிறையச் சிரிக்கிறார். பேரன் பேத்திகளும் சிரிக்கிறார்கள். ஆனால் பந்தியில் சீடையை வைத்தால், “எனக்கு வேண்டாம்” என்று கையை மறிக்கிறார். ஏன்? கடிப்பதற்குக் கடைவாய்ப் பல் இல்லை!

அந்தப் பல் எப்போது கெட்டது? ‘வயதாகிவிட்டது, பல் போய்விட்டது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பலருக்கு, அந்தப் பல்லின் அழிவு சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. காப்பாற்ற வேண்டிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அதுதான் உண்மை.

திருக்கடையூரின் புராணக் கதை எல்லோருக்கும் தெரியும். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதில் ஆயுள் முடியும் என்பது விதி. எமன் வந்தான்; பாசக் கயிற்றை வீசினான். சிறுவன் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டான். சிவபெருமான் காலனை உதைத்தார். மார்க்கண்டேயன் என்றும் பதினாறாக இருக்க வரம் பெற்றான்.

அது புராணம். இனி வருவது விஞ்ஞானம்.

மனிதனுடைய ஒவ்வொரு பல்லுக்குள்ளும் சில மார்க்கண்டேயர்கள் இருக்கிறார்கள்! இவர்கள் கண்ணுக்குத் தெரியாத சிறிய உயிரணுக்கள். மற்ற உயிரணுக்கள் எல்லாம் வளர்ந்து, ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு, அதையே செய்துகொண்டிருக்கும். இவை மட்டும் எந்த வேலையும் ஏற்காமல், இளமை மாறாமல் காத்திருக்கும். இவற்றுக்குக் ‘குருத்தணு’ என்று பெயர். ‘ஸ்டெம் செல்’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

பல்லுக்கு ஆபத்து வரும்போது இந்தக் குருத்தணுக்கள் எழுந்து வருகின்றன. பழுதான சுவரைக் கட்டும் கொத்தனாராக மாறுகின்றன. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் யாரும் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

பல் வெறும் கல் அல்ல

பல்லைப் பார்த்தால் கல்லைப் போல இருக்கிறது. உயிர் இல்லாத பொருள் என்றுதான் தோன்றும். ஆனால் பல் உயிருள்ள உறுப்பு.

பல்லில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது எனாமல். வெள்ளையாகப் பளபளப்பது இதுதான். மனித உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் இது. இதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது உப்புத்தான்.

எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டின். பல்லின் பெரும் பகுதி இதுதான். யானைத் தந்தமும் இதே ஜாதிதான். டென்டினில் நூற்றுக்கு 70 பங்கு தாது உப்பு. மீதி நார்ப்பொருளும் தண்ணீரும். அதனால் இது எனாமலைவிடக் கொஞ்சம் மிருது.

நடுவில் ஒரு சிறிய அறை. அதில் இருப்பது பற்கூழ். நுங்கின் உள்ளே இருக்கும் சதையைப் போல மெத்தென்று இருக்கும். இதில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நரம்புகள் இருக்கின்றன. குருத்தணுக்கள் குடியிருப்பதும் இந்த அறையில்தான்.

இரண்டு கொத்தனார்கள்

பல்லைக் கட்டுவதற்கு இரண்டு வகைக் கொத்தனார்கள் உண்டு.

ஒருவர் எனாமல் கொத்தனார். இவர் பல்லுக்கு வெளியே நின்று வேலை செய்பவர். பல் ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே சுவரைக் கட்டி முடித்துவிடுவார். பல் வெளியே முளைக்கும்போது இவர் மறைந்து போவார். திரும்பி வரமாட்டார். அதனால்தான் எனாமலில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் அது மறுபடியும் வளர்வதில்லை.

இன்னொருவர் டென்டின் கொத்தனார். இவர் வீட்டுக்கு உள்ளே இருப்பவர். பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நின்று, வெளிப்பக்கம் பார்த்துச் சுவரைக் கட்டுவார். கட்டக் கட்டப் பின்னால் நகர்ந்து வருவார். ஆனால் வேலை முடிந்தும் போகமாட்டார். ஆயுள் முழுவதும் அங்கேயே காவல் இருப்பார்.

இவர் தமது நீண்ட கை ஒன்றைச் சுவருக்குள் நீட்டி வைத்திருப்பார். அந்தக் கை இருக்கும் நுண்ணிய குழாய்கள் டென்டின் முழுவதும் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் பல ஆயிரம் குழாய்கள்! எனாமல் தேய்ந்த பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசுகிறதே, அந்தச் செய்தி உள்ளே போவது இந்தக் குழாய்களின் வழியாகத்தான்.

வேலை வேகம் எவ்வளவு தெரியுமா? பல் உருவாகும் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 4 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் டென்டின் கட்ட 250 நாள் ஆகும். சம்பா நெல்லை விதைத்து, அறுத்து, களத்தில் அடித்து, மூட்டை கட்டி முடித்துவிடலாம். அதற்குப் பிறகும் இந்தக் கொத்தனாருக்கு வேலை மிச்சம் இருக்கும். அவ்வளவு நிதானமான வேலை!

பூச்சி அரிக்கிறதா?

சொத்தைப் பல்லைப் ‘பூச்சிப் பல்’ என்று கிராமங்களில் சொல்வார்கள். பல்லுக்குள் புழு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு விழும் என்பார்கள்.

பல்லில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. 1728-ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டுப் பல் டாக்டர் பியர் ஃபோஷார் இந்த நம்பிக்கையை மறுத்தார். அப்படியானால் பல்லை அரிப்பது எது? 1890-ஆம் ஆண்டில் வில்லோபி மில்லர் என்ற விஞ்ஞானி அதை விளக்கினார். வாயில் இருக்கும் கிருமிகள், பல்லில் ஒட்டியுள்ள இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தின்று புளிக்க வைக்கின்றன. அதனால் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பல்லின் தாது உப்பைக் கரைக்கிறது.

முதலில் எனாமல் கரைகிறது. அப்போது வலி இருக்காது. பிறகு டென்டின் கரைகிறது. இப்போது கூச்சம் ஏற்படும். உள்ளே இருக்கும் கொத்தனாருக்கும் செய்தி போய்ச் சேரும். அவர் உடனே உள்பக்கத்தில் சுவரைத் தடிப்பாக்கத் தொடங்குவார். எதிரி முன்னேற முன்னேற, அவர் பின்னால் புதிய சுவர் எழுப்புவார்.

தாக்குதல் மெதுவாக இருந்தால் அவர் சமாளித்துவிடுவார். வேகமாக வந்தால்? அவரே மடிந்து போவார். இதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. டென்டின் கொத்தனார் தம்மைப் போல இன்னொருவரை உண்டாக்க முடியாதவர். அந்த உயிரணு இரண்டாகப் பிரிவதில்லை. அப்படியானால் அவருடைய இடத்துக்கு யார் வருவது?

இங்கேதான் மார்க்கண்டேயன் வருகிறான்.

குருத்து கொத்தனார் ஆகிறது

டென்டின் கட்டப்படும்போதே அதற்குள் சில தூதுப் பொருள்கள் பூட்டி வைக்கப்படுகின்றன. சுவர் கட்டும்போதே உள்ளே ஓர் அவசரக் கடிதத்தை வைத்துப் பூசியதைப் போல! பல ஆண்டுகள் அந்தக் கடிதம் அப்படியே இருக்கும். கிருமியின் அமிலம் சுவரைக் கரைக்கும்போது கடிதம் வெளியே வருகிறது. அது குழாய்களின் வழியாகப் பற்கூழுக்குள் கசிகிறது. ‘சுவர் இடிகிறது, வா!’ என்பதே அந்தக் கடிதத்தின் சேதி.

குருத்தணுக்கள் பெரும்பாலும் சிறிய ரத்தக் குழாய்களின் ஓரத்தில் தங்கியிருக்கின்றன. தூது கிடைத்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. முதலில் இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. பிரிந்தவற்றில் சில, பழையபடி குருத்தாகவே நின்றுவிடுகின்றன. அது அடுத்த ஆபத்துக்கான சேமிப்பு. மற்றவை காயம்பட்ட இடத்தை நோக்கி நகர்கின்றன.

அங்கே போய்ச் சுவரின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. சுவரைத் தொட்டதும் அவற்றின் உள்ளே மாறுதல் தொடங்குகிறது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் பரம்பரைக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. உடம்பின் எல்லா வேலைகளுக்குமான குறிப்பும் அதில் உண்டு. ஆனால் பெரும்பாலான பக்கங்கள் மூடியே இருக்கும். இப்போது டென்டின் செய்யும் பக்கங்கள் திறக்கின்றன. பல்லுக்கே உரிய புரதங்களை அந்த அணு உற்பத்தி செய்யத் தொடங்குகிறது.

முதலில் நார்ப்பொருளைப் பின்னிப் பாய் போல விரிக்கிறது. பிறகு அந்தப் பாயின் மேல் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸ் சத்தும் சேர்ந்த உப்பு படிகிறது. பாய் இறுகுகிறது, கல்லாகிறது. புதிய டென்டின் தயார்!

பழைய சுவரைப் போல இது ஒழுங்காக இருக்காது. ஒட்டுப் போட்ட சுவரைப் போலக் கொஞ்சம் மேடு பள்ளமாக இருக்கும். ஆனாலும் பற்கூழைக் காக்க அது போதும். வேலை முடிந்ததும் அந்தக் குருத்தணு மறுபடியும் குருத்தாக மாறுவதில்லை. கொத்தனாராகவே காவல் நிற்கிறது.

கண்டுபிடித்தவர்கள்

பல் தன்னைத் தானே ஓரளவு பழுது பார்த்துக்கொள்கிறது என்பது டாக்டர்களுக்கு வெகு நாளாகத் தெரியும். ஆனால் அந்த வேலையைச் செய்யும் குருத்தணுவைத் தனியே பிரித்து எடுத்துக் காட்டியது 2000-ஆம் ஆண்டில்தான்.

அமெரிக்காவில் பெதஸ்தா என்ற ஊரில் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஸ்டான் கிராந்தோஸ், பமேலா ராபி, சாங்டாவ் ஷி ஆகிய விஞ்ஞானிகளும் அவர்களது தோழர்களும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். 19 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் இருந்து எடுத்த ஞானப் பற்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். வழக்கமாகக் குப்பையில் போகிற பற்கள்!

அந்தப் பற்களின் கூழில் இருந்து உயிரணுக்களைப் பிரித்தார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். பிறகு, எலும்புச் சத்துப் பொடியோடு சேர்த்து எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். என்ன ஆச்சரியம்! எலியின் உடம்பில் மனிதப் பல்லின் டென்டினைப் போன்ற பொருள் உண்டாயிற்று. அதன் ஓரத்தில் கொத்தனார் அணுக்கள் வரிசையாக நின்றன. நடுவில் பற்கூழ் போன்ற சதையும் இருந்தது.

அடுத்த ஆச்சரியம் 2003-ஆம் ஆண்டில் வந்தது. ஷி ஒரு குழந்தைப் பல் டாக்டரும்கூட. தம் ஆறு வயது மகளுக்கு ஒரு பால் பல் ஆடுவதை அவர் பார்த்தார். விழுந்த பல்லில் சிவப்பாகச் சிறிது சதை ஒட்டியிருந்தது. இதில் உயிர் இருக்குமா என்று யோசித்தார். குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். ஒரு பல்லில் இருந்து 12 முதல் 20 குருத்தணுக்கள் வரை கிடைத்தன. அவை பெரியவர்களின் பல் அணுக்களைவிட வேகமாகப் பெருகின!

நம் ஊர்களில் பால் பல் விழுந்தால் என்ன செய்வார்கள்? சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவார்கள். புதுப் பல் நன்றாக முளைக்க வேண்டும் என்பது வேண்டுதல். அந்தச் சின்னப் பல்லுக்குள் புதுப் பொருளைக் கட்டும் சக்தி உண்மையாகவே இருக்கிறது என்பதை விஞ்ஞானம் காட்டிவிட்டது.

சுண்ணாம்பு செய்த அற்புதம்

இந்தக் கண்டுபிடிப்பால் சாதாரண மக்களுக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு. இன்றைக்கே உண்டு. பல் டாக்டர்கள் பற்கூழைக் காப்பதற்குப் பயன்படுத்தும் ஒரு மருந்தின் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. அது வேறொன்றும் இல்லை, நீற்றிய சுண்ணாம்புதான்! 1920-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் என்ற டாக்டர் இதைப் பல் வைத்தியத்தில் புகுத்தினார்.

சொத்தையைச் சுரண்டி எடுக்கும்போது சில சமயம் பற்கூழ் லேசாகத் திறந்துவிடும். அந்த இடத்தில் இந்த மருந்தை வைத்து மூடுவார்கள். சுண்ணாம்பின் காரம் மேலாக ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் பொசுக்குகிறது, கிருமிகளைக் கொல்கிறது. டென்டினில் பூட்டியிருக்கும் தூதுப் பொருள்களையும் வெளியே கொண்டுவருகிறது. உடனே அடியில் இருக்கும் குருத்தணுக்கள் எழுகின்றன. சில வாரங்களில் திறந்த இடத்தின் மேல் டென்டின் பாலம் ஒன்று உண்டாகிவிடுகிறது.

1993-ஆம் ஆண்டில் இன்னொரு மருந்து வந்தது. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் என்பவர் அதை அறிமுகப்படுத்தினார். அது வீடு கட்டும் சிமெண்டு வகையைச் சேர்ந்தது. சுத்தம் செய்து பல்லுக்கு ஏற்றபடி தயாரித்தது. அது கட்டும் பாலம் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை! வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துப் பல்லில் வைத்துவிடக் கூடாது. வாய் வெந்து புண்ணாகிவிடும். டாக்டர் வைப்பது அளவான மருந்து. அவர் வைக்கும் இடமும் வேறு.

இறந்த கூழுக்கு உயிர் வருமா?

பற்கூழ் முழுவதும் இறந்துபோனால் குருத்தணுக்களும் அதோடு போய்விடும். அப்போது வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். பல் நிற்கும்; மெல்லவும் உதவும். ஆனால் தன்னைத் தானே பழுது பார்க்கும் சக்தி அதற்கு இராது.

அந்தச் சக்தியைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். 2017-ஆம் ஆண்டில் ஜப்பானில் மிசாகோ நாகாஷிமாவின் குழு ஐந்து நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தியது. அவரவர் பல்லில் இருந்து எடுத்து வளர்த்த குருத்தணுக்களை அவரவர் நோயுற்ற பல்லில் வைத்தார்கள். 2018-ஆம் ஆண்டில் சீனாவில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. அடிபட்டு முன்பல்லின் கூழ் இறந்துபோன குழந்தைகளுக்கு, அவர்களது பால் பல்லில் இருந்து எடுத்து வளர்த்த குருத்தணுக்களை வைத்துப் பார்த்தார்கள். 26 குழந்தைகளைப் பின்னர் சோதித்தபோது, பல்லுக்குள் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பியிருந்தன. வேரும் நீண்டிருந்தது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் என்ற விஞ்ஞானியின் குழு வேறு வழியில் போயிற்று. மறதி நோய்க்காக முன்பு சோதித்துப் பார்த்த ஒரு மருந்தைச் சிறிய பஞ்சில் நனைத்து, எலியின் பல் ஓட்டையில் வைத்தார்கள். பஞ்சு கரைந்துபோயிற்று, அந்த இடத்தில் டென்டின் நிறைந்தது. இது 2017-ஆம் ஆண்டுச் செய்தி.

எல்லாம் நல்ல செய்திகள். ஆனால் இவை சோதனைகள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், “எனக்கும் புதுப் பற்கூழ் வையுங்கள்” என்று கேட்கும் காலம் இன்னும் வரவில்லை.

பணம் கட்டாதீர்கள்!

நல்ல செய்தி வரும் இடத்தில் வியாபாரமும் வந்து நிற்கும். “குழந்தையின் பால் பல்லைப் பனிப்பெட்டியில் சேமித்து வையுங்கள். பிற்காலத்தில் எந்த நோய் வந்தாலும் பயன்படும்” என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. அதற்குப் பெரும் தொகை கேட்பார்கள்.

பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டில் குருத்தணு பற்றி விதிமுறைகளை வெளியிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு மட்டுமே அதில் இடம் உண்டு. பல்லையும் பற்கூழையும் வியாபாரத்துக்காகச் சேமிக்க அதில் அனுமதி இல்லை.

சீனச் சோதனையில் பயன்பட்டது பல ஆண்டுகள் பனியில் கிடந்த பல்லும் அல்ல. அந்தந்தக் குழந்தையின் வாயில் அப்போது இருந்த பால் பல்தான். கழனிக்காரர் விதைநெல்லைச் சேமிப்பார். பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்கமாட்டார். பல்லின் விதைநெல் பற்கூழில் இருக்கிறது. அதைச் சேமிக்கும் பத்தாயமும் பல்தான். கடன் வாங்கி வெளியே பணம் கட்டுவதைவிட, வாய்க்குள் இருக்கும் பத்தாயத்தைக் காப்பதே புத்திசாலித்தனம்.

ஆறு வயதுப் பல்

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

குழந்தைக்குப் பால் பற்கள் 20. அவை விழுந்து நிலையான பற்கள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாததால் இவற்றையும் பால் பல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். “சொத்தையானால் என்ன? விழப்போகிற பல்தானே!” என்று விட்டுவிடுகிறார்கள்.

அது விழப்போகிற பல் அல்ல. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல்! அறுபதாம் கல்யாணத்தில் சீடை கடிக்க வேண்டிய பல் அதுதான்.

முளைத்தபோது அதன் வேர் முழுமையாக வளர்ந்திருக்காது. வேர் முடிய இன்னும் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் பற்கூழ் இறந்துபோனால், கொத்தனார்கள் எல்லோரும் போய்விடுவார்கள். வேர் பாதியில் நின்றுவிடும். அஸ்திவாரம் முடியாத வீட்டைப் போல அந்தப் பல் பலவீனமாகிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிறு வயதில் பற்கூழ் அறை விசாலமாக இருக்கும். ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கும். குருத்தணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் பழுது பார்க்கும் சக்தியும் அதிகம். வயது ஏற ஏற, அறையின் சுவர் தடித்து அறை சுருங்குகிறது. குருத்தணுக்களும் குறைகின்றன. பல்லுக்குள் இருக்கும் மார்க்கண்டேயன் முழு வரம் பெற்றவன் அல்ல. அவனுக்கும் முதுமை உண்டு, மரணமும் உண்டு. ஆகவே, காப்பாற்ற நல்ல காலம் குழந்தைப் பருவமே.

வலி சொல்லும் சேதி

குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டதும் கூசுகிறது, உடனே நின்றுவிடுகிறது. அப்படியானால் பற்கூழ் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. இந்தச் சமயத்தில் டாக்டரிடம் போனால் சொத்தையை அடைத்துக் காப்பாற்றிவிடலாம். ஆழமான சொத்தையாக இருந்தாலும், கூழை ஒட்டியுள்ள கடைசி அடுக்கைக் கிளறாமல் விட்டு, மேலே மூடிவிடும் முறை இப்போது இருக்கிறது. மீதி வேலையைக் கொத்தனார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எதுவும் படாமலே வலிக்கிறது; இரவில் தூக்கம் கெடுகிறது; கன்னம் வீங்குகிறது. இது ஆபத்தின் அடையாளம். பற்கூழைச் சுற்றிக் கல் சுவர். உள்ளே வீக்கம் வந்தால் விரிய இடம் இல்லை. அதனால்தான் அந்த வலி உயிர் போகிற வலியாக இருக்கிறது. சில நாளில் வலி தானாகவே நின்றுபோகலாம். ‘குணமாகிவிட்டது’ என்று சந்தோஷப்படக் கூடாது. உள்ளே கூழ் இறந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தமாக இருக்கும்!

வலி வந்ததும் மாத்திரை, கிராம்பு என்று நாளைக் கடத்துவதும், கடைசியில் “பிடுங்கிவிடுங்கள்” என்று டாக்டரிடம் போய் நிற்பதும் வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கம் மாற வேண்டும்.

செய்ய வேண்டியது

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. காலையிலும், இரவு படுக்கப் போகும் முன்பும் பல் துலக்க வேண்டும். ஃப்ளோரைடு கலந்த பற்பசை நல்லது. சிறு குழந்தைக்கு ஒரு பட்டாணி அளவு போதும். செங்கல் பொடியும் கரியும் எனாமலைத் தேய்த்துவிடும். சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைக்கக் கூடாது. மிட்டாயை அடிக்கடி கொறிக்க விடக் கூடாது. வெல்லமும் சர்க்கரைதான் என்பதை மறக்கக் கூடாது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர்களை அனுப்பிக் குழந்தைகளைச் சோதிக்கும் தேசியத் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கியது. பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் ஒவ்வொரு குழந்தையின் ஆறு வயதுப் பல்லையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சொத்தை இருந்தால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். எங்கே போவது என்று வழியும் காட்ட வேண்டும்.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலும் இருக்கிறது. திருக்கடையூர்ப் பக்கத்து மக்கள் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் சிதம்பரத்திலும் இருக்கிறது. ஆனால் நடவுக் கூலிக்குப் போகும் ஒரு தாய், ஒரு நாள் கூலியை விட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியுமா? பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, பல்லைப் பிடுங்குவதோடு நில்லாமல், பல்லை அடைத்துக் காப்பாற்றும் வசதியும் இருக்க வேண்டும். பிடுங்குவதற்குச் சில நிமிடம் போதும். ஆனால் பிடுங்கிய இடத்தில் இன்னொரு நிலைப்பல் முளைக்கப் போவதில்லை.

ஞானப் பல்லையும் சேர்த்து ஒரு மனிதனுக்கு நிலையான பற்கள் 32. ஒவ்வொன்றிலும் பழுது பார்க்கும் கொத்தனார்கள் கூலி கேட்காமல் காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் கொஞ்சம் அவகாசம்தான். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அதை அடைத்துக் கொடுத்தால், அந்த அவகாசம் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

 வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கூப்பிடுங்கள். வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல்லைப் பாருங்கள். கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா? நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்!